வாசிக்க வாசிக்க

பாட ஆரம்பித்தால் கை நின்றுவிடும். கையைப் பிடித்து ஓட்டினால் பாட்டு மறந்துவிடும். ஐம்பத்தாறு வயதில், சரவணம்பட்டியில் ஒரு வாடகை வீட்டு ஹாலில், மடியில் டோலக்கை வைத்துக்கொண்டு நான் இப்படி மல்லுக்கட்டியதை எதிர்வீட்டு அம்மா முதலில் குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்தாராம். ஒருநாள் எட்டிப் பார்த்து, நான்தான் என்று தெரிந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கப்பட வேறு பெரிய காரணம் ஒன்று என்னிடம் இருந்தது.

நான் பாடுகிறவள். தாராபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில், பண்ணையத்துக்குக் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தேன். எங்கள் தெருவுக்கென்று இருந்த சின்ன சர்ச்சில் பாடிப் பாடியே வளர்ந்தேன். பிறகு படித்து, கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். குரல் பெரிது. வாயும் பெரிது என்று பள்ளியில் என் காதுபடவே சொல்வார்கள்.

கணவர் லேத் பட்டறையில் முப்பது வருஷம் நின்றவர். டோலக் வாசிப்பார். கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே வீட்டு ஜெபக் கூட்டங்களில் நான் பாட, அவர் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிப்பார். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். நான் பேசுவேன், அவர் தலையாட்டுவார். கூட்டம் முடிந்து யாராவது எங்களைப் பாராட்டினால் நான் முந்திக்கொண்டு சொல்வேன்: "இவரு தாளத்தை இழுத்துப்போடுவாருங்க. நாந்தான் புடிச்சு நிறுத்தோணும்." எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். இருபத்தெட்டு வருஷம் அந்தப் பேச்சைச் சொல்லி நான் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன்.

மகளுக்கு ஐ.டி. பார்க்கில் வேலை கிடைத்ததும் சரவணம்பட்டிக்கு வந்தோம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவரும் பட்டறையை விட்டார். மளிகைக் கடைக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒரு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும். அங்கேயும் நான் பாட்டு, அவர் டோலக்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சரியாகச் சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை சரியாகச் சொல்லாமல் போனதால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

காலை ஆறரை மணி. சமையலறை ரேடியோவில் செய்தி ஆரம்பிக்கிற நேரம், அதனால் எனக்குச் சந்தேகமே இல்லை. பல் தேய்த்துவிட்டு வந்தவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கை மரத்துப்போச்சு அம்மணி. கனமா இருக்குது."

மரத்துப்போவது எங்கள் வீட்டில் புதிது இல்லை. லேத்தில் நின்றவருக்கு வாரத்தில் இரண்டு நாள் கை மரக்கும். டோலக் வாசிக்கிறவருக்கு விரல் மரக்கும். உதறிவிட்டு வாசிக்க உட்கார்ந்தால் சூடேறிச் சரியாகிவிடும். அது அவரே எனக்குச் சொன்னதுதான்.

"தலைக்கடியில வெச்சுப் படுத்திருப்பீங்க," என்றேன். "வாசிக்க வாசிக்கச் சரியாப் போயிருமுங்க."

காப்பி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. இப்போதுதான் துடைத்த தரை என்று கத்தினேன். அவர் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முயன்றார். நேரமாகிறது என்று நானே போட்டுவிட்டேன். மகள் அலுவலக வேலையை முடித்துவிட்டு விடியும்போதுதான் படுத்திருந்தாள். பத்து மணிக்கு நேராக ஹாலுக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால் அவளை எழுப்பவில்லை.

எட்டரைக்கு ஆராதனை தொடங்கியது. முதல் இரண்டு பாட்டும் எப்படியோ ஓடின. மூன்றாவது பாட்டில் பல்லவியின் இரண்டாவது வரி வந்தபோது தாளம் என் காலடியில் இல்லை. நான் தடுக்கி நின்றேன். எழுபது பேர் முன்னால் நான் தடுக்கியது அதுதான் முதல் தடவை. திரும்பி அவரை முறைத்தேன். பள்ளியில் கடைசி பெஞ்சைப் பார்ப்பது போல முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது டோலக்கின் மேல் சும்மா கிடந்தது. மறுபடியும் அதைத் தூக்கி, ஆராதனை முடியும்வரை தப்பும் தவறுமாக வாசித்தார். நான் முறைத்தேன் என்பதற்காக வாசித்தார்.

பத்தரைக்கு ஆசீர்வாதம் முடிந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மகள் கதறிக்கொண்டு ஓடிவந்தாள். யாரோ கார் எடுத்தார்கள். பதினொரு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

டாக்டர் சின்ன வயது. பொறுமையாகத்தான் கேட்டார். "இது எப்பங்கம்மா ஆரம்பிச்சுது? கை மரத்துப்போறது, பேச்சுக் குழறுறது, ஏதாவது காலையிலயே இருந்துச்சா? சரியாச் சொல்லுங்க. மூளைல அடைச்சிருக்கற ரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்குது. குறிப்பிட்ட நேரத்துக்குள்ளதான் அதைப் போடலாம். நேரம் தாண்டிப் போட்டா மூளைல ரத்தம் கசிய வாய்ப்பு அதிகம்."

எனக்குப் புரியாமல் இல்லை. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறரை என்று சொன்னால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அப்புறம் எதற்கு அப்பாவைப் பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய் என்று கேட்பாள். ஊசி போடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது என் மானம்.

"இப்பத்தானுங்க," என்றேன். "பத்தரைக்குங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் வாசிச்சுட்டு இருந்தாருங்க."

ஊசி போட்டார்கள். மறுநாள் ஸ்கேனில் ரத்தக் கசிவு இருந்தது. சரியான நேரத்தில் போட்டாலும் சில பேருக்கு இப்படி ஆவது உண்டு, யார் மேலும் தப்பு இல்லை என்று அதே டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சு போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல், "அதுதான்." பசிக்கிறதா என்றால் அதுதான். தூக்கம் வருகிறதா என்றால் அதுதான். மகள் அழுதால் அவள் தலையைத் தடவிக்கொண்டே அதுதான், அதுதான் என்பார். நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது, பதில்தான் வெளியே வராது என்றார்கள். ஆக, அந்த ஆறரை மணி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவரால் சொல்ல முடியாது.

நான்கு மாதம் கழித்து, பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். மகளைவிட இரண்டு வயது மூத்திருப்பாள். பேச்சு போன சிலருக்குப் பாட்டு போவதில்லை என்றாள். இடது கையால் தட்டிக்கொண்டே பாடவைத்து, பாட்டுக்குள் சின்னச் சின்ன வாக்கியங்களை நுழைத்து, மெல்ல மெல்லப் பேச்சாக மாற்றலாம் என்றாள். அவள் மேசையில் தட்டிக் காட்டினாள், கை தட்டிக் காட்டினாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசித்தவருக்கு மேசையில் தட்டுவது பிடிக்குமா? அவர் கண் பீரோவின் மேலே உறைக்குள் இருந்த டோலக்குக்குப் போனது.

"சாருக்கு அதுலதான் வருமாட்ட இருக்குது," என்றாள் அந்தப் பெண். "ஏனுங்கம்மா, நீங்க வாசிச்சுட்டே பாடுங்களேன். அவருக்குப் பழகின குரலும் நீங்கதான்."

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குத்தான் தாளம் அத்துபடியாச்சே," என்றாள். அவள் சின்னதிலிருந்து என் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்.

அத்துபடியின் லட்சணம் முதல் நாளே தெரிந்தது. என் கை பாட்டின் எழுத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தது. நீட்டிப் பாடும் இடத்தில் கையும் நீண்டுகொண்டு அந்தரத்தில் நின்றது. மூச்சு எடுக்கிற இடத்தில் இரண்டும் சேர்ந்து படுத்துவிட்டன. பதினைந்து நாள் பாடாமல் வெறுமனே தட்டினேன். பிறகு தட்டிக்கொண்டே ஒன்று இரண்டு எண்ணினேன். பிறகு தட்டிக்கொண்டே அன்றைய சமையலைச் சொன்னேன். அதன்பின்தான் பாட்டு.

ஒருநாள் மகள் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீ கையை மாத்தி வாசிக்கறே," என்றாள். டோலக்கில் சின்னப் பக்கம் வலது கைக்கு, பெரிய பக்கம் இடது கைக்கு. நான் கும்மென்று அதிரும் பெரிய பக்கத்தை வலது கையால் வாசித்துக்கொண்டிருந்தேன். காரணம் யோசிக்க வேண்டியதே இல்லை. இருபத்தெட்டு வருஷம் அவருக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தவள், கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே எடுத்துக்கொண்டேன். மாற்றிப் பழக இனி எனக்கு ஆயுசு இல்லை என்று விட்டுவிட்டேன்.

பயிற்சிக்காக மகள் தன் போனிலிருந்து பழைய ஜெபக் கூட்டத்து வீடியோ ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். அதைப் போட்டு, கூடவே வாசித்தேன். பல்லவியின் இரண்டாவது வரியில் ஒவ்வொரு தடவையும் என் கை இடறியது. நாலு தடவை, ஐந்து தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். இடறுவது என் கை இல்லை. வீடியோவில் பாடுகிற நான், அந்த வரியை அரைத் தட்டு முந்தி எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் எடுக்கிறேன். அவர் கை அந்த இடத்தில் ஒரு அடியை விழுங்கிவிட்டு என்னோடு வந்து சேர்ந்துகொள்கிறது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்கும் இருபத்தெட்டு வருஷம் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தடுக்கியது இதே பாட்டின் அதே வரியில்தான். அன்று அவர் கை விழுங்கவில்லை, அவ்வளவுதான். நான் அதற்கு அவரை முறைத்தேன். வீடியோவை நிறுத்திவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அது யாருக்கும் காட்டுவதற்கான அழுகை இல்லை.

பாட்டும் கையும் ஒருவழியாகச் சேர்ந்த பிறகு அவரை நாற்காலியில் சாய்த்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, இருவர் முழங்காலுக்கும் நடுவே டோலக்கை வைத்துப் பாடினேன். மூன்றாவது நாள் அவர் இடது கை மெல்ல வந்து பெரிய பக்கத்தில் இறங்கியது. அங்கே இருந்த என் வலது கையைத் தள்ளிவிட்டது. என் இடது கை சின்னப் பக்கத்தில்தான் இருந்தது, அவருடைய செத்துப்போன வலது கை இருக்க வேண்டிய இடத்தில். நான் தப்பாகக் கற்றது அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. ஆளுக்கு ஒரு கையாக வாசித்தோம். பாட்டின் நடுவில் அவர் வாய் திறந்தது. சொல் சொல்லாக, சுத்தமாக, பல்லவி முழுவதையும் பாடினார். கை நின்றதும் மறுபடியும் "அதுதான்" என்றார். மகள் அவர் காலடியில் உட்கார்ந்து தேம்பினாள். நானும் சந்தோஷப்பட்டேன். பொய் இல்லை.

அவர் பேச வேண்டும் என்று தினமும் ஜெபித்தேன். பேசினால் முதலில் என்ன சொல்வார் என்று தினமும் பயந்தேன். அந்தப் பெண் எழுதிக் கொடுத்த வாக்கியங்களைத் தாளத்தில் பாடிப் பாடிக் கொடுத்தோம். "தண்ணி வேணும்" வர ஆறு வாரம் ஆனது. "வெளிய போகோணும்" வந்தது. "போதும்" வந்தது. ஒவ்வொரு சொல் வரும்போதும் அவர் அந்தக் காலைக்கு ஒரு அடி பக்கத்தில் வருவதாக எனக்குத் தோன்றும். நடுவில் ஒரு வாரம், காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. அந்த ஒரு வாரத்தில் "வெளிய போகோணும்" அவரிடமிருந்து காணாமல் போய்விட்டது. ஜன்னலைக் கையால் காட்டிக்கொண்டு அதுதான், அதுதான் என்று தவித்தார். நான் செய்த பாவங்களில் அந்த வாரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அவர் விழுந்து ஒரு வருஷம் கழிந்து, ஒரு மாலை. வழக்கம்போல ஐந்து மணிக்கு உட்கார்ந்தோம். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாள் அது. லேப்டாப்போடு ஹாலிலேயே இருந்தாள். நாலு பாட்டு போயிருக்கும். என் இடது மணிக்கட்டில் சுளுக்கென்று ஒரு வலி ஏறி, விரலெல்லாம் மரத்துவிட்டது.

"கை மரத்துப்போச்சுங்க," என்று கையை எடுத்தேன். "கொஞ்சம் இருங்க."

அவர் நிறுத்தவில்லை. இடது கை பெரிய பக்கத்தில் அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தார். பாட்டின் ராகத்திலேயே, இடைவெளி விட்டு விட்டு, யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு வாக்கியத்தைப் பாடினார்.

"வாசிக்க… வாசிக்கச்… சரியாப்… போயிரும்."

மகள் துள்ளி எழுந்தாள். "அப்பா! சொந்தமாப் பேசிட்டீங்கப்பா! அம்மா, கேட்டயா? அம்மாவுக்கு ஆறுதல் சொல்றாரு பாரு!" போனை எடுத்து, இன்னொரு தடவை சொல்லுங்கப்பா என்று கெஞ்சினாள். அவர் இன்னொரு தடவையும் பாடினார். அதே தாளம், அதே சொல். என்னையே பார்த்துக்கொண்டு பாடினார்.

அவர் முகத்தில் பாதிதான் அசையும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் திட்டுகிறாரா தேற்றுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. மகள் அந்தப் பக்கம் போன பிறகு அவர் காதருகே குனிந்து கேட்டேன். "அன்னிக்குக் காலைல நான் சொன்னதுங்களா அது? என்னையச் சொல்றீங்களா?"

"அதுதான்," என்றார்.

அந்த வீடியோ சொந்தக்காரர் எல்லாருக்கும் போனது. பேச்சுப் பயிற்சிப் பெண் போனிலேயே அழுதாள். போதகர் கூப்பிட்டு, வருகிற ஞாயிறு நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். எங்கள் சபையில் அது வழக்கம். கஷ்டத்திலிருந்து மீண்டவர்கள் எல்லார் முன்னாலும் எழுந்து, நடந்ததைச் சொல்லி நன்றி சொல்வார்கள். நான் எத்தனையோ பேருடைய சாட்சியைக் கேட்டு, இலக்கணப் பிழை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். மகள் புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். முதலில் அவரும் நானும் ஆளுக்கொரு கையாக வாசித்து ஒரு பாட்டுப் பாடினோம். ஹாலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு போதகர் மைக்கை என்னிடம் நீட்டினார். சொல்ல வேண்டியதை வீட்டில் நான்கு வரியாக மனப்பாடம் செய்திருந்தேன், எல்லாம் நன்றி வரிகள். எழுந்து நின்றதும் எதிரே மகள் முகம் தெரிந்தது. அவ்வளவு நிம்மதியாக அந்த முகத்தை ஒரு வருஷமாக நான் பார்க்கவில்லை.

"இவரு கை மரத்துப்போச்சுன்னு எங்கிட்ட சொன்னது அன்னிக்குக் காலைல ஆறரை மணிக்குங்க," என்றேன். "வாசிக்க வாசிக்கச் சரியாப் போயிரும்னு நாந்தானுங்க இங்க கூட்டிட்டு வந்தேன். ஆஸ்பத்திரில பத்தரைன்னு பொய் சொல்லிப்போட்டேன். அதை நம்பித்தானுங்க ஊசி போட்டாங்க."

பின்வரிசையில் ஒருவர் பழக்கத்தில் "ஸ்தோத்திரம்" என்றார். போதகர் மைக்கை வாங்க எழுந்தவர், அப்படியே நின்றார்.

மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அப்பாவின் பக்கம் குனிந்தாள். "அப்பா, அம்மா சொல்றது நெசமாங்க?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் இரண்டு தடவை அசைந்தது. வேறு ஏதோ சொல்லத்தான் அவர் முயன்றார் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

"அதுதான்," என்றார்.

மகள் நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டு அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். டோலக்கை நான் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

இப்போதும் தினமும் ஐந்து மணிக்கு உட்காருகிறோம். நிறுத்தினால் இருக்கிற நாலு வாக்கியமும் போய்விடும். நான் டோலக்கை எடுத்ததும் மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாப்பாடு போட்டுக்கொடுத்தால் சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். அம்மா என்று மட்டும் கூப்பிடுவதில்லை. பல்லவியின் இரண்டாவது வரியில் நான் இன்னமும் அரைத் தட்டு முந்திவிடுகிறேன். அந்த இடத்தில் அவருடைய இடது கை ஒரு அடியை விழுங்கிக்கொள்கிறது. ஏன் என்று நான் அவரிடம் கேட்பதில்லை.